முகம் பார்க்காதவருக்கு மாடிச் சாவி

1

என் தம்பி செந்தில் போன தை மாதம் ஒரு காரியம் செய்தான். பொங்கலூரிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல், நான் புத்தி பேதலித்துத் திருப்பூர் வீட்டுச் சாவியை முகம் தெரியாத ஒருத்தருக்குக் கொடுக்கச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்தான். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு ஃபோன். பெரியம்மா கூப்பிட்டு, "ஏங்கண்ணு, உனக்கு யாராச்சும் மந்திரம் கிந்திரம் வெச்சுட்டாங்களா?" என்றார். சித்தப்பா கூப்பிட்டு, "ஏம்மா, சொத்துன்னா வெளையாட்டாம்மா?" என்றார். கல்யாணத்துக்குக்கூட அழைக்காதவர்கள் எல்லாம் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இந்த ஆடியில் நான் வந்துபோன பிறகும் கேள்வி நின்றபாடில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கோகிலா. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். இப்போது நான் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் தைத்த பனியன் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். நான் பிரித்து மடித்து அடுக்குவேன். ‘அங்கே மேனேஜராட்டம் இருந்துட்டு இங்கே போய்த் துணி மடிக்கிறியா’ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கடையில் கழுத்துப்பட்டி கோணியிருப்பதைத் தொட்டவுடன் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

2

இங்கே அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குச் சின்னச் சின்னத் தோட்டங்களைக் குத்தகைக்கு விடும் சங்கங்கள் இருக்கின்றன. பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கும் ஒருநாள் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் சட்டம் ஒவ்வொன்றாக வந்தது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கனி வைத்தே தீர வேண்டும். வேலிச்செடி இவ்வளவுக்கு மேல் வளரக் கூடாது. மதிய நேரத்தில் சத்தம் வரக் கூடாது. நான் ஃபோனில் பேசுவதே சத்தக் கணக்கில் வருமோ என்று முதல் மாதம் பயந்துகொண்டு கிடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூர்க்காரர்கள் நடத்தும் ‘மொட்டைமாடி விவசாயிகள்’ என்ற வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். அங்கே இருப்பது இரண்டே சட்டம். விதை கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. வாங்கியவர் காய்த்ததும் விதையெடுத்து இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும். எந்த விதைக்கும் விலை கிடையாது. ஊரில் நூலுக்கும் விலை, தண்ணீருக்கும் விலை, நிற்கிற இடத்துக்கும் விலை. இந்தக் கூட்டத்தில் மட்டும் காசைப் பற்றிப் பேசினால் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

நான் என் வெற்று நிலத்தைப் படம் எடுத்துப் போட்டு, சுரைக்காய் எப்போது விதைக்கலாம் என்று கேட்டேன். ஒரு நிமிடத்தில் இருபது பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஆடிப்பட்டம் தேடி விதை. எனக்கும் அதுதான் தெரியும். சைனீஸ் கடையில் சுரை விதை வாங்கி, ஆடிப் பதினெட்டு அன்று சாமி கும்பிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து ஊன்றினேன். பக்கத்துத் தோட்டத்து ரெனாட்டா அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி ஏதோ சொல்ல வந்தார். நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கொடி ஜோராக ஏறியது. பூ வந்தது, பிஞ்சு வந்தது, ஒரே ஒரு பனியும் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் வேகவைத்த கீரை மாதிரி கிடக்கிறது. ஐப்பசியில் இங்கே உறைபனி விழும் என்பது ஆடிப்பட்டம் சொன்ன இருபது பேருக்கும் தெரியாது. இங்கேயே குப்பை கொட்டுகிற எனக்கும் உறைக்கவில்லை, பாருங்கள்.

படத்தைக் குழுவில் போட்டேன். எல்லோரும் அழுகைப் பொம்மை அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் சிரிசிரியென்று சிரித்துக் குரல் அனுப்பியிருந்தார். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. ஆடி மாசம் எல்லா ஊருக்கும் ஒண்ணுபோலயா வரும்? அங்கன எப்ப வெயிலடிக்குன்னு அந்தப் பக்கத்துத் தோட்டத்தம்மாகிட்ட மொதல்ல கேட்ருக்கணும்ல. நாங்க சொன்னதையும் கேட்டீக பாருங்க, ஒங்களச் சொல்லணும்!"

மாரீஸ்வரி பேசியது அதுதான் முதல் தடவை. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்து, இன்றைக்கு ஒரு தையல் லைனுக்கே சூப்பர்வைசர். அதட்டிப் பேசுவதுதான் அவருக்கு அன்பாகப் பேசுவது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது. ரெனாட்டா அம்மாளிடம் போய்க் கேட்டேன். வைகாசி பிறக்கிற சமயத்தில் பனிப் புனிதர்கள் என்று சில சாமிகளின் நாட்கள் வருமாம், அவர்கள் போகும்வரை நாற்றை வெளியே எடுக்கவே கூடாதாம். மாரீஸ்வரியிடம் சொன்னேன். "பார்த்தீகளா, அங்கயும் சாமியக் கேட்டுத்தான் நடணும்" என்றார்.

3

அந்தக் குளிர்காலத்தில் மாரீஸ்வரி எனக்கு விதை அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. சுரை, பீர்க்கு, வரிக் கத்தரி. ஒவ்வொன்றுக்கும் பனியன் துண்டில் ஒரு குட்டிப் பை தைத்து, அடையாளத்துக்குக் கம்பெனியில் மீந்த துவைப்புக் குறிப்பு லேபிளை விளிம்பில் வைத்து, பின்பக்கம் பேனாவால் பெயர் எழுதியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு சுங்க அலுவலகத்தில் தெரிந்தது.

ஆமாம், கடிதம் வந்தது. தடித்த தாளில், முத்திரையோடு. வந்து விளக்கம் தர வேண்டும் என்று. கோபம் வந்தால் என் ஜெர்மன் பேச்சு உடைந்துவிடும் என்பதால் மகள் நிலாவைக் கூட அழைத்துப் போனேன். பதினைந்து வயது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. "அம்மா, உன் இண்டர்நெட் ஆன்ட்டிகள் நம்மை ஜெயிலுக்கு அனுப்பும்" என்றாள். அவள் தமிழில் ஆட்கள் எல்லாம் ‘அனுப்பும்’, ‘வரும்’, ‘சொல்லும்’தான். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன்.

அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு பார்சலை எங்கள் முன் வைத்தார். மேலே என்ன எழுதியிருந்தது என்கிறீர்கள்? ‘கார்மெண்ட் சாம்பிள்’. திருப்பூரில் கூரியர் கடைக்காரருக்கு வெளிநாடு என்றாலே சாம்பிள்தான். நீங்கள் பாட்டிக்கு மூட்டுவலித் தைலம் அனுப்பினாலும் அவர் கை அதைத்தான் எழுதும். நாலு தலைமுறையாக அந்த ஊரிலிருந்து வேறு என்ன போயிருக்கிறது? மாரீஸ்வரியும் அதைப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று வந்துவிட்டார். அவரும் பனியன்காரர்தானே!

அதிகாரி ஒரு பையைத் தூக்கி லேபிளைப் படித்தார். "நாற்பது டிகிரியில் துவைக்கவும். இஸ்திரி போட வேண்டாம்." பிறகு பையைக் கவிழ்த்தார். சுரை விதை மேசையில் கொட்டியது. அவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

எங்கள் ஊர்க் கதையை எவ்வளவு சொல்லியும் சட்டம் சட்டம்தான். வெளிநாட்டு விதைக்குச் செடிநோய்ச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். அது நியாயம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அவர் அந்தப் பைகளை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. லைன் வேலை முடித்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து தைத்த கை. வெறும் பைகளையாவது தருவீர்களா என்று கேட்டேன். யோசித்தார், உதறி உதறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது நிலா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

4

விஷயத்தைக் கேட்டு மாரீஸ்வரி ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளிவிட்டதாகப் பிறகு குழுவில் சொன்னார்கள். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "விதை போனாப் போகுது. ஒங்கள அலைய விட்டுட்டனே அக்கா."

ஆனால் சும்மா இருக்கும் ஆளா அவர்? ஊர் உலகத்தில் இருக்கிற தோட்டக் குழுவில் எல்லாம் புகுந்து, ஐரோப்பாவுக்குள்ளேயே யாரிடம் சுரை விதை இருக்கிறது என்று தேடியிருக்கிறார். பாரிஸ் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா அகப்பட்டார். அங்கேயே விளைந்து அங்கேயே எடுத்த விதை, இங்கே வருவதற்கு ஒரு தடையும் இல்லை. ஒரு வாரத்தில் உறை வந்தது. உள்ளே ஒரு சீட்டு: ‘காசு ஒண்டும் வேண்டாம் பிள்ளை. காய்ச்சாப் பிறகு படம் போடுங்கோ.’

பனிப் புனிதர்கள் போன பிறகு நட்டேன். ஆவணியில் என் பந்தலில் சுரைக்காய் தொங்கியது. ரெனாட்டா அம்மாளுக்குக் கூட்டு செய்து கொடுத்தேன். சங்கத்து ஆட்கள் வந்து அளவெடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கிறது என்றார்கள். படத்தைப் பாரிஸுக்கும் திருப்பூருக்கும் அனுப்பினேன். இந்த ஊரில் எனக்கு முதல் தடவையாகக் கால் ஊன்றிய நிம்மதி வந்தது அன்றைக்குத்தான்.

5

இனி சாவிக்கு வருகிறேன்.

மாரீஸ்வரி குடியிருந்தது ஒரு பழைய வாடகை வீட்டில். வீடு சின்னது, ஆனால் பின்னால் பெரிய காலியிடம். அங்கேதான் அவர் டிரம்மிலும் பையிலும் அத்தனையும் வளர்த்தார். குழுவில் யார் வீட்டுக் கத்தரியோ சுரையோ எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும், அது அவர் வீட்டு விதையில் போய்த்தான் முடியும். போன தையில் வீட்டு ஓனர் இடத்தை இடித்து, பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். மாரீஸ்வரிக்குக் கிடைத்த வேறு வீட்டில் மாடியில் ஒரு தொட்டி வைக்கக்கூட அனுமதி இல்லை. விதைக்கு விட்ட காய்கள் எல்லாம் கொடியிலும் செடியிலும் முற்றாமல் நின்றன. முற்றிக் காயாமல் அறுத்தால் அந்த விதை முளைக்காது.

அவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை. குழுவில் ஒரு குரல் போட்டார். "யார் யாருக்கு என்ன வேணுமோ வந்து எடுத்துட்டுப் போங்க. சொரக் கொடியத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. அது போகட்டும்." அந்தத் தடவை சிரிப்பு இல்லை. பின்னால் மெஷின் சத்தம்கூட இல்லை.

பல்லடம் ரோட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. இங்கே சம்பாதித்துக் கட்டியது. பூட்டிக் கிடக்கிறது. வெளிப்பக்கம் மாடிப்படி, மேலே காக்கை உட்காரும் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, குழாய். எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. செந்தில் அங்கேதான் நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறான், சாவியும் அவனிடம்தான். அவனைக் கூப்பிட்டு, மாரீஸ்வரிக்குக் கேட் சாவியைக் கொடு என்றேன்.

"யாருக்குங்க்கா?"

சொன்னேன்.

"ஏனுங்க்கா, நீங்க அவங்கள ஒருக்காவாச்சும் நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"தெக்கத்திக்காரங்க. நாளைக்கு மாடி எங்களுதும்பாங்க, நாளன்னைக்கு ஊடும் எங்களுதும்பாங்க, இன்னைக்கே எழுதி வெச்சுக்குங்க. கோர்ட்டு கேசுன்னு நான்தான் அலையோணும். தண்ணி எறங்கித் தளம் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "டேய், தெக்கத்திக்காரங்க வந்து தைக்கலீன்னா உன்ற நிட்டிங் துணியக் கொண்டுபோயி எந்த ஆத்துலடா உடுவே? நானும் இங்க வெளியூர்க்காரிதான். நான் தோட்டத்துக்கு வந்த வாரத்துலயே ரெனாட்டா அம்மா அவங்க தோட்டத்துக் கொட்டாய்ச் சாவிய என்ற கையில குடுத்தாங்க. அவங்களுக்கு மட்டும் என்னைய முன்னப்பின்ன தெரியுமா?"

"அது ஜெர்மனிங்க்கா!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அந்தச் சொந்தக்காரர் படையெடுப்பு.

நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனே கூப்பிட்டான். சண்டைக்குத் தயாராக எடுத்தேன். அவன் குரல் இறங்கியிருந்தது. "அமாவாசைக்கு அமாவாசை நான்தான் போயி ஊட்டத் தொறந்து கூட்டி, வெளக்கேத்தி வெச்சுட்டு வர்றேன். ஒருக்காக் கூடத் தவறுனதில்லீங்க்கா. இப்ப அவங்ககிட்டச் சாவின்னா, அப்ப நான் எதுக்குங்க?"

அடக் கடவுளே, இதுவா விஷயம்! கோர்ட்டு, தளம், தெக்கத்தி எல்லாம் மேல்பூச்சு. எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அத்தனையும் போய்விட்டது. அந்த வீட்டை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தவன் அவன். நான் அதைக் கட்டினவள் மட்டும்தான்.

"கண்ணு, நீ சாவிய யார்கிட்டயும் குடுக்க வேண்டாம். ஞாயித்துக்கெழம நீயே போயித் தொறந்து உடு. ஆளப் பாரு. உனக்குப் புடிக்கலீன்னா திருப்பி அனுப்பீரு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, சனிக்கிழமை முழுக்க அவனைக் கூப்பிட ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவன் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் மாரீஸ்வரியின் முகத்தில் நான் எப்படி முழிப்பது? அந்த முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன். குழுவில் பாதிப் பேர் மாரீஸ்வரி வீட்டில் நின்றார்கள். சாயப்பட்டறைக் கணக்காளர், பள்ளிக்கூட டீச்சர், அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரர், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த இரண்டு பேர். ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார்கள். செந்தில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தன் கம்பெனி வண்டியில் சாய்ந்து நின்றான். வண்டியை நான் கொண்டுவரச் சொல்லவில்லை.

தொட்டிகள் ஏறின. சுரைக் கொடிதான் சிக்கல். டிரம்மோடு தூக்கலாம், ஆனால் பந்தல் முழுக்கப் படர்ந்த கொடியை என்ன செய்வது? ஒருவர் நைலான் கயிற்றை எடுத்துக் கொடியைச் சுருட்டிக் கட்டப் போனார்.

"இருங்க, இருங்க! கயிறு போட்டா தண்டு அறுந்து போயிருமுங்க" என்று என் தம்பி பாய்ந்தான். வண்டியிலிருந்து ஒரு துணி ரோலை இழுத்துப் போட்டான். நிட்டிங் ஊசி பழுதாகிக் கோடு விழுந்ததென்று பனியன் கம்பெனி திருப்பி அனுப்பிய துணி. அதைத் தரையில் விரித்து, கொடியை மெல்ல அதன்மேல் இறக்கி, காய்க்குக் காய் துணியைக் கிழித்து முட்டுக் கொடுத்தான். பிறகு கல்யாண வீட்டில் ஜமக்காளம் தூக்குவது போல் ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

மாரீஸ்வரி முன்னால் நின்று அதட்டினார். "தம்பி, எடது பக்கம் தூக்குங்க! அங்கிட்டு இல்ல, இங்கிட்டு!"

செந்தில் ஃபோனைப் பார்த்து, "அக்கா, இவங்க என்ன, என்னையவே லைன்ல உக்கார வெச்சுருவாங்களாட்ட இருக்குது" என்றான். ஆனால் இடது பக்கம் தூக்கினான். அன்று சாயங்காலம் அவனே மாடிக்குப் போய், டிரம்முக்கு அடியில் செங்கல் வைத்து, தண்ணீர் வடிய வழி பண்ணி, கேட் சாவியில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். என்னிடம் சொல்லவில்லை. மாரீஸ்வரி சொல்லித்தான் தெரியும்.

7

ஆடியில் நானும் நிலாவும் ஊருக்கு வந்தோம், வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. வழக்கம்போல செந்தில் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வந்து காரில் அழைத்து வந்தான். முன்பெல்லாம் வீட்டு வாசலில் இறங்கி, அவன் பூட்டைத் திறந்து, நாங்கள் பெட்டியோடு ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவோம். அவன் மாதாமாதம் கூட்டி வைத்திருந்தாலும், இரண்டு நாள் புழங்கிய பிறகுதான் அது வீடாகும்.

இந்தத் தடவை கேட் திறந்திருந்தது. மாடிப்படியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு குள்ளமான பெண் இறங்கி வந்தார். வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம்.

"வாங்கக்கா, வாங்க. வாம்மா நிலா, வா. அண்ணன் வரலையா? தம்பி, வாங்க."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வந்தால், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் வாங்க என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பத்து வருஷம் பேசாமல் இருப்பார்கள். நிலா என் காதில், "நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். வந்தோங்க என்று சொல் என்றேன். சொன்னாள்.

மாடியில் சுரைக் கொடி இல்லை. அது பங்குனியிலேயே முற்றிக் காய்ந்து முடிந்துவிட்டது. விதை குழு முழுக்கப் போய்விட்டது. அதே டிரம்மில் புதுக் கொடி முளை விட்டிருந்தது. கத்தரி, வெண்டை, பந்தல் அவரை என்று கால் வைக்க இடமில்லை. எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, செந்தில் திறந்து வைத்த வீட்டுக்குள் வந்து மாரீஸ்வரி காபி போட்டார். நால்வரும் குடித்தோம். பிறகு அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா, மாடியோட ஒரு வீடு கெடைச்சிருச்சு. தொட்டி வச்சுக்கலாம்னு சொல்லிட்டாக. நீங்க போறதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துருதோம். ரொம்பப் பெரிய ஒதவிக்கா. இதுக்கு மேல வச்சிருந்தா நல்லாருக்காது."

நல்ல செய்திதான். ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் மறுபடியும் அந்த மாடி காலி, அடுத்த வருஷம் மறுபடியும் பூட்டு. அவரிடம் இருங்கள் என்று எந்த உரிமையில் சொல்வது?

செந்தில் டம்ளரைக் கீழே வைத்தான். சாவியை எடுத்தான். எழுந்து போய் மாரீஸ்வரி பக்கத்தில் அதை வைத்தான்.

"செடியெல்லாம் தாராளமா எடுத்துட்டுப் போங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எதுக்குத் தம்பி? எனக்கு இங்கன என்ன வேலை?"

"அக்கா வர்றப்ப ஊட்ல ஒருத்தர் இருந்து வாங்கன்னு சொல்லோணுமல்லங்க. நான் இத்தன வருசமா அவங்களக் கூட்டிட்டு அவங்க கூடவே உள்ள வர்றவன். நான் எப்படிங்க சொல்றது?"